கால் தேய்க்கிற கல்

ஏழு வயதுக் குழந்தை தன் கண்ணால் பார்த்து எழுதியதை ஒரு பள்ளிக்கூடம் ரப்பர் வைத்து அழித்துவிட்டது. அழித்ததோடு விட்டதா? அழித்த இடத்திலேயே, அதே குழந்தையின் கையாலேயே, பார்த்ததற்கு நேர் எதிரானதை எழுத வைத்தது. இதற்கு அநியாயம் என்று பெயரில்லை என்றால் வேறு எதற்குப் பெயர்? நீங்களே சொல்லுங்கள். இல்லை, இப்போது வேண்டாம். முழுதாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

விருதுநகரிலா இறங்குகிறீர்கள்? நல்லது, நேரமிருக்கிறது. காலடியில் என் பை இடைஞ்சலாக இருக்கிறதா? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. மேலே வைக்க மனமில்லை. உள்ளே துணிமணியைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. முதன்மைக் கல்வி அலுவலருக்கு நான் எழுதிய மனு. இங்க் பேனாவால், என் கைப்பட எழுதியது. டைப் அடித்தால் எழுத்தில் கோபம் இறங்காது. மதுரை போய்ச் சேர்ந்ததும் பதிவுத் தபாலில் போடப்போகிறேன்.

குழந்தை என் அக்கா மகள். பெயர் சஷ்டிகா. கோவில்பட்டியில் ஒரு ஆங்கிலப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பள்ளியின் பெயரைச் சொல்லமாட்டேன், மனுவில் இருக்கிறது. நான் மதுரையில் எம்.எஸ்ஸி. இயற்பியல், கடைசி செமஸ்டர். ஆய்வறிக்கை எழுதுவதற்காக அக்கா வீட்டில் வந்து தங்கியிருந்தேன். தண்ணீருக்குள் துகள்கள் எப்படி இறங்குகின்றன என்பது என் தலைப்பு. முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்கிற ஆய்வு, கை நனைய வேண்டிய அவசியமே இல்லை. மார்ச் பாதிவரை இருப்பதாகத்தான் ஏற்பாடு. நேற்று அக்காவே, "நீ கிளம்புடி நித்தி, உன் படிப்பு கெட்டுப்போகுது" என்று சொல்லிவிட்டாள். பையைக்கூட அவளே அடுக்கிக் கொடுத்தாள். தண்ணீர் பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, மூடியைத் திருகி, மனுவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். அவ்வளவு அக்கறை. அத்தான்கூட பஸ் ஸ்டாண்டுவரை வந்து, பஸ் நகர்கிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரிக் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. 'வீட்டிலேயே செய்து பார்!' என்று ஆச்சரியக்குறியோடு தலைப்பு. ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, இலை, சாவி, காலி பாட்டில், முட்டை, கல் ஆகியவற்றைப் போட்டு, எது மிதக்கிறது எது மூழ்குகிறது என்று பார்த்து எழுதவும். பிப்ரவரி இருபத்தெட்டு அறிவியல் தினம் வருகிறதில்லையா, அன்றைக்கு இதையே மேடையில் செய்துகாட்ட வேண்டும். அதற்கு சஷ்டிகாவைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அக்கா அவளுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்து, தைத்தும் வந்துவிட்டது. விஞ்ஞானி என்றால் வெள்ளைக் கோட்டு போட்டிருக்க வேண்டும் என்பது நம் ஊர்ப் பள்ளிகளின் முதல் விதி. இரண்டாவது விதி, கோட்டில் கறை படக்கூடாது. இந்த இரண்டையும் கடைப்பிடித்துவிட்டால் விஞ்ஞானம் தானாக வந்துவிடும். அந்தக் கோட்டைப் பிள்ளை இரவில் தலைமாட்டில் மடித்து வைத்துக்கொண்டு தூங்கினாள், பார்த்துக்கொள்ளுங்கள்.

'செய்து பார்' என்று வருகிற தாளை வீடுகளில் எப்படிச் செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. வேன் ஹாரன் அடிக்கும். ஒரு கையில் இட்லி, இன்னொரு கையில் பென்சில் என்று அம்மாக்காரி எழுதிக் கொடுத்துவிடுவாள். முந்தின நாள் இரவே பெற்றோர் வாட்ஸப் குழுவில் விடை வந்துவிடும். அந்தக் குழுவில் ஒரு பையன், பிரணவ் கார்த்திக். அவன் அப்பா ஜெராக்ஸ் கடையில் சொல்லி வைத்து, தெர்மகோலில் ஒரு வாளி, தெர்மகோலில் ஒரு சாவி, தெர்மகோலில் ஒரு கல் என்று செய்து வாங்கிவிட்டார். கல்லுக்குக் கறுப்புப் பெயிண்ட். கீழே 'மூழ்கும்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். தெர்மகோல் கல், மூழ்கும்! நான் சிரித்தால் அக்கா முறைக்கிறாள்.

சஷ்டிகா அந்த ரகம் இல்லை. செய்து பார் என்றால் செய்து பார்த்துவிடுகிற ஜாதி. ஏற்கெனவே அத்தானின் வெள்ளை வேட்டியில் மஞ்சள்பொடியைத் தடவி, சோப்புப் போட்டு, செக்கச்செவேல் என்று ஆக்கியவள். தட்டுத் தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவி, நடுவில் சோப்பு விரலை வைத்து, மிளகெல்லாம் ஓரத்துக்கு ஓடுவதைக் காட்டியவள். அன்றைக்கும் பச்சை வாளியில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இலை மிதந்தது. சாவி மூழ்கியது, அது பீரோ சாவி, அது வேறு கதை. பாட்டில், முட்டை எல்லாம் ஆயிற்று. கல்லுக்கு எங்கே போவாள்? வீடு இரண்டாவது மாடி, தரையெல்லாம் டைல்ஸ். கீழே இறங்கக்கூடாது, தெருவில் நாய். கிரைண்டர் கல்லைத் தூக்க முடியுமா? வீட்டில் கல் என்று பெயருள்ள ஒரே பொருள் குளியலறையில் இருந்தது. அக்கா குதிகால் வெடிப்புக்குத் தேய்க்கிற கல். சாம்பல் நிறத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அது. எரிமலைக் கல் அம்மா அது. உள்ளே முழுக்கக் காற்று. போட்டாள். மிதந்தது. 'கல்: மிதக்கும்' என்று எழுதிக்கொண்டு போனாள்.

வகுப்பு ஆசிரியை ஜெசிந்தா மிஸ் அழித்துவிட்டார்.

பிள்ளை சாயங்காலம் வந்து புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். பிரணவ் கார்த்திக்தான் இனி மேடையில் செய்வானாம். அதைச் சொல்லும்போதுகூட அவள் அழவில்லை. தாளை எடுத்துக் காட்டும்போதுதான் உதடு கோணியது. "மிஸ் போட்டுப் பாக்கவே இல்ல சித்தி. பாக்காம எப்படி அழிச்சாங்க?"

இந்தக் கேள்வியை எத்தனை பேராசிரியர்கள் கேட்டிருப்பார்கள்? "கவலப்படாத கண்ணு. அந்தப் பள்ளிக்கூடத்தையே பாக்க வைக்கிறேன்" என்றேன்.

"நீ வந்து பாக்கியா சித்தி? வாளிலதான் கிடக்கு."

"சித்திக்குப் பாக்கணும்னே அவசியம் இல்ல. சித்தி பாக்காமலே உன்னை நம்புறேன்."

ஒரு குழந்தையிடம் இப்படிச் சொல்கிற பெரியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பார்க்காமலே நம்புகிறேன்! அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

மறுநாளே பள்ளிக்குப் போனேன். அக்கா வாசலில் மறித்தாள். "ஒரு மார்க்குடி. அதுக்குப் போயி சண்டை போட்டா, நாளைக்கு எம்பிள்ளை அங்கேதானே படிக்கணும்?" அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வீட்டில் விவாதம் ஆரம்பித்தால் அவருக்குக் கடையில் வேலை வந்துவிடும். நான் கல்லூரிப் பட்டிமன்றத்தில் மூன்று வருடம் அணித்தலைவி. என்னை யார் மறிப்பது?

ஜெசிந்தா மிஸ் நல்லவர் மாதிரிதான் பேசினார். அதுதான் ஆபத்து.

"நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா கேள்வியில இருக்கிறது பொதுவான கல்லு."

"பொதுவான கல்லுன்னு உலகத்துல ஒண்ணும் கிடையாது மிஸ். ஒண்ணு கருங்கல்லா இருக்கும், இல்ல சுண்ணாம்புக்கல்லா இருக்கும், இல்ல எரிமலைக் கல்லா இருக்கும். பொதுவான கல்லை எங்கே வெச்சிருக்கீங்க? காட்டுங்க பார்ப்போம்."

"மத்த பிள்ளைங்க எல்லாருமே மூழ்கும்னுதான் எழுதியிருக்காங்க."

"மத்த பிள்ளைங்க யாருமே எழுதல மிஸ். அவங்க அம்மாக்கள் எழுதினாங்க."

அந்த அறையிலிருந்த இன்னொரு மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருக்கும் ஒரு பிள்ளை இருக்கும் போல. என்னை பிரின்சிபால் மேடத்திடம் அனுப்பினார்கள். மேடம் பாடப்புத்தகத்தைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். "இங்க பாருங்க. கல், ஆணி, நாணயம், மூழ்கும். நாளைக்குப் பரீட்சையில மிதக்கும்னு எழுதினா நான் மார்க் போடமுடியுமா? உங்க குழந்தை நல்லா வரணும்னுதானே நாங்க திருத்துறோம்?"

"கல்லைத் திருத்த முடியாதே மேடம். தண்ணியில போட்டா அது மிதக்குதே."

"ஸ்கூல் டைம்ல தண்ணி எல்லாம் வெச்சு விளையாட முடியாதும்மா. பிள்ளைங்க நனைஞ்சிடும். சளி பிடிக்கும். பேரன்ட்ஸ் வந்து கேப்பாங்க."

வீட்டிலேயே செய்து பார் என்று தாள் அனுப்பியதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. வீட்டில் சளி பிடித்தால் பள்ளிக்கூடம் பொறுப்பில்லை.

திரும்பி வந்து மனுவின் முதல் பகுதியை அன்றே எழுதினேன். அடர்த்தி, மிதப்பு விசை, கல்வியுரிமை, அரசியல் சட்டம், எல்லாம் வருகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது சஷ்டிகா வந்து நின்றாள். "சித்தி, அந்தக் கல்லு இருக்கில்ல…"

"உனக்காகத்தான் எழுதிட்டிருக்கேன் கண்ணு. இப்பப் பேசாத, ஃப்ளோ போயிரும்."

என்ன அம்மா, சேலை ஓரத்தைத் தூக்கிக்கொள்கிறீர்கள்? கீழே அழுக்காக இருக்கிறதா? இந்தப் பேருந்துகளைக் கழுவுவதே இல்லை. அதற்கும் ஒரு மனு எழுதலாம். சாத்தூர் வந்துவிட்டது. வெள்ளரிக்காய் விற்கிறார்கள், வேண்டுமா? எனக்கு வேண்டாம், பேசும்போது சாப்பிடமாட்டேன்.

அடுத்துதான் வாட்ஸப். அக்காவின் போனை எடுத்து, பெற்றோர் குழுவில், மரியாதையாகத்தான், ஒரு பதிவு போட்டேன். 'கண்ணால் கண்டதை அழிக்கும் கல்வி நமக்குத் தேவையா?' அப்புறம் சிவசங்கு என்று ஒருவர், அதே வகுப்பில் ஒரு பையனின் அப்பா, டிராவல்ஸ் வைத்திருக்கிறார், நீளமாக எழுதினார். 'குழந்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கல் மிதக்கும். ராமேஸ்வரத்தில் இன்றைக்கும் தொட்டியில் மிதக்கிறது. நம் வேனில் வந்தவர்கள் எல்லோரும் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள். இதைத் தவறு என்று அழித்த ஆசிரியை மன்னிப்புக் கேட்க வேண்டும்.' கீழே வேன் புக்கிங்குக்கான எண்.

நான் அறிவியலுக்காகக் களத்தில் இறங்கினால் எனக்குத் துணைக்கு யார் வந்து நிற்கிறார் பாருங்கள்!

உடனே செங்குட்டுவன் சார் வந்துவிட்டார். வங்கியில் வேலை, பகுத்தறிவாளர், எந்த மேடை கிடைத்தாலும் ஏறுகிறவர். நியாயமாக என் பக்கம் நிற்க வேண்டியவர். அவர் எழுதுகிறார்: 'அறிவியல் தினத்தை ஒட்டி மூடநம்பிக்கை பரப்பப்படுவதை வன்மையாகக் கண்டிக்கிறேன். கல் மூழ்கும். எந்தக் காலத்திலும், எந்த ஊரிலும் கல் மூழ்கும். ஆசிரியைக்குப் பாராட்டுகள்.'

நான் அவருக்குப் பதில் எழுதினேன், கல்லிலே காற்று இருக்கிறது என்று. சிவசங்கு என் பதிலுக்குக் கைகூப்புகிற பொம்மை போட்டார். அதைப் பார்த்துவிட்டு செங்குட்டுவன் சார் என்னை 'படித்தும் திருந்தாதவர்' என்றார். என்னை! அம்மா, கல் மிதக்கும் என்று பக்தர் சொல்கிறார், மூழ்கும் என்று பகுத்தறிவாளர் சொல்கிறார். இரண்டு பேர் வீட்டிலும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். ஒருத்தராவது ஒரு கல்லை எடுத்துப் போட்டுப் பார்க்கவேண்டாமா? இதைத்தான் நான் குழுவில் திரும்பத் திரும்ப எழுதினேன். கட்டைவிரல் வலிக்கிறவரை எழுதினேன். நடுவில் சஷ்டிகா வேறு பச்சை வாளியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள், தரையெல்லாம் தண்ணீர்.

"சித்தி, வந்து பாரேன். வாளில அந்தக் கல்லு இப்ப…"

"இரு கண்ணு, செங்குட்டுவன் சார் டைப் பண்ணிட்டிருக்கார்."

"ஒரே ஒரு தடவ சித்தி."

"உனக்காகத்தான்டி சண்டை போடுறேன். வாளிய ஓரமா வை, போன் நனையுது."

மறுநாள் பார்க்கிறேன், கல்லைக் கொண்டுபோய் ஜன்னல் கட்டையில் வெயிலில் வைத்திருக்கிறாள். பாவம், அந்தக் கல்லைப் பார்க்கவே பிடிக்காமல் வீட்டைவிட்டு வெளியே வைத்துவிட்டாள். ஒரு குழந்தையின் மனம் எந்த அளவு உடைந்திருந்தால் இப்படிச் செய்யும்! மனுவின் இரண்டாம் பகுதியில் இதைச் சேர்த்திருக்கிறேன். 'உளவியல் பாதிப்பு' என்ற தலைப்பில்.

குழுவில் சண்டை முற்றி, பள்ளித் தாளாளர் காதுக்குப் போய்விட்டது. அவருக்கு சிவசங்குவும் வேண்டும், செங்குட்டுவனும் வேண்டும், இரண்டு பேருமே பிள்ளைகளுக்குக் கட்டணத்தைத் தேதி தவறாமல் கட்டுகிறவர்கள். கடைசியில் அவர் ஒரு தீர்ப்பு சொன்னார். அறிவியல் தினத்தன்று, சிறப்பு விருந்தினர் முன்னிலையில், அந்தக் குழந்தையே மேடையில் கல்லைத் தண்ணீரில் போடட்டும். மிதந்தால் மிதக்கட்டும், மூழ்கினால் மூழ்கட்டும், பள்ளி நடுநிலை வகிக்கும்.

வென்றுவிட்டேன் இல்லையா? சஷ்டிகா வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். "எல்லாரும் பாப்பாங்களா சித்தி? ஜெசிந்தா மிஸ்ஸும் பாப்பாங்களா?" என்று நூறு தடவை கேட்டாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். மிஸ் பார்க்க வேண்டும்.

அவள் பேசுவதற்கு ஒரு உரை எழுதிக் கொடுத்தேன். ஒரே ஒரு பக்கம்தான். ஆர்க்கிமிடீஸ், இடம்பெயர்ந்த நீரின் எடை, நுண்துளைகள், நிறைவாக பாடத்திட்டச் சீர்திருத்தம். 'இடம்பெயர்ந்த' என்பதில் தடுக்கிக்கொண்டே இருந்தாள். தினமும் உட்கார வைத்து ஒப்பிக்கச் சொன்னேன். "சித்தி, நானே ஒண்ணு சொல்லட்டா?" என்பாள். முதலில் இதை முடி, அப்புறம் உன்னுடையதைச் சொல்லலாம் என்பேன். இது முடியவே இல்லை.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "ஏடி, கால் தேய்க்கிற கல்லையா மேடையில வைக்கப்போற? குத்துவிளக்கு ஏத்துவாங்க. சரஸ்வதி படம் வெச்சிருப்பாங்க. நாலு பேரு என்ன பேசுவாங்க? மஞ்சத் தண்ணியிலயாவது ஒரு முக்கு முக்கி எடுத்துரு."

"மஞ்சத் தண்ணியா! அறிவியல் தினத்துக்கா! உனக்கு அழுக்குதான் பிரச்சினைன்னா அழுக்குக்குக் காரணம் கிருமி. கிருமி போகணும்னா கொதிக்க வைக்கணும். மஞ்சளும் மந்திரமும் இல்லாம, முறைப்படி செஞ்சு காட்டுறேன் பாரு."

ஜன்னல் கட்டையிலிருந்து கல்லை எடுத்தேன். குக்கரில் தண்ணீர் விட்டு, கல்லை உள்ளே வைத்து, அது மேலே மேலே வந்ததால் ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி, மூடி, விசில் விட்டேன். துவரம்பருப்புக்கு விடுவதைவிட இரண்டு விசில் அதிகம். அக்கா அந்தக் குக்கரில் இன்றுவரை சோறு வைக்கவில்லை, அது வேறு விஷயம். அடுப்பை அணைத்த பிறகும் திறக்கவில்லை. திறந்தால் காற்றிலுள்ள கிருமி ஏறிவிடும் இல்லையா? விடியும்வரை அப்படியே ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

சஷ்டிகா அடுப்பங்கரைக்குள் ஓடி வந்தாள். "சித்தி! வேண்டாம் சித்தி, அதை ஊற…"

"தொடாத! குக்கர் சுடும். சித்தி எல்லாம் பாத்துக்கிடுவேன். நீ போயி 'இடம்பெயர்ந்த' சொல்லிப் பாரு."

"இல்ல சித்தி, அது…"

"சஷ்டிகா!"

போய்விட்டாள். காலையில் கல்லைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, அந்தக் கொதித்த தண்ணீரோடேயே டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டேன். டப்பா கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. பொறுப்பின் கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

சிறப்பு விருந்தினர் சுடலைமுத்து ஐயா. வேளாண்மைத் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். விளக்கேற்றி, அவர் ஒரு பேச்சு பேசி, தாளாளர் ஒரு பேச்சு பேசி, பிரணவ் கார்த்திக் தெர்மகோல் வாளியைத் தூக்கிக் காட்டி இறங்கினான். அவனை வெறுங்கையோடு விட மனமில்லாமல் அதற்கு ஒரு பரிசும் கொடுத்தார்கள், கடலைமிட்டாய் டப்பா. அப்புறம் சஷ்டிகா. மேசைமேல் யார் வீட்டிலிருந்தோ கொண்டுவந்த மீன் தொட்டி, விளிம்புவரை தண்ணீர். முன்வரிசையில் ஒரு பக்கம் சிவசங்கு, நெற்றி நிறைய திருநீறு, கையில் வீடியோ எடுக்கிற போன். மறுபக்கம் செங்குட்டுவன் சார், கறுப்புச் சட்டை, அவர் கையிலும் போன். பக்கவாட்டில் ஜெசிந்தா மிஸ், கைகட்டி. அத்தனை கண்ணும் ஒரு கல்லின்மேல். நான் சொன்னதைச் செய்துவிட்டேன் பார்த்தீர்களா? பள்ளிக்கூடத்தையே பார்க்க வைத்துவிட்டேன்.

சஷ்டிகா வெள்ளைக் கோட்டில் நின்று உரையை ஆரம்பித்தாள். 'இடம்பெயர்ந்த' வந்ததும் நின்றுபோயிற்று. நான் ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மறுபடி நின்றது. சரி, போகட்டும் என்று டிபன் பாக்ஸைத் திறந்து கல்லை நீட்டினேன். அவள் வாங்கினாள். வாங்கிய கை சட்டென்று கீழே இறங்கியது. கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சித்தி, இது வேண்டாம்."

"போடு கண்ணு. எல்லாரும் பாக்குறாங்க."

"சித்தி, இது…"

"பேசாம போடு!"

போட்டாள்.

டங் என்று சத்தம் கேட்டது அம்மா. கண்ணாடித் தொட்டியின் அடியில், குளத்தில் விட்ட குண்டு மாதிரி. போன கல் போனதுதான். இரண்டு குமிழிகூட வரவில்லை.

செங்குட்டுவன் சார் எழுந்து நின்று கைதட்டினார். சிவசங்கு போனை இறக்கிவிட்டு, "காலு பட்ட கல்லு. அதான் நிக்கல" என்று பக்கத்திலிருந்தவரிடம் விளக்கினார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தானைக் காணவில்லை. நான் மேடைக்கு ஓடி மைக்கைப் பிடித்தேன். இது தொழில்நுட்பக் கோளாறு, நுண்துளைகளிலுள்ள காற்று சூட்டில் வெளியேறி, ஆறும்போது அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொண்டால் சராசரி அடர்த்தி கூடிவிடும், என் ஆய்வறிக்கையில் மூன்றாவது அத்தியாயமே அதைப் பற்றித்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைக்கை அணைத்துவிட்டார்கள். கருத்துச் சுதந்திரம்! மனுவின் கடைசிப் பகுதி அதுதான்.

அதனால் என் வாதம் தோற்றுப்போய்விட்டதா? இல்லையே. கல் மூழ்கலாம், வாதம் மூழ்காது. அழித்தது அழித்ததுதானே? பார்க்காமல் தீர்ப்புச் சொன்னது தப்புத்தானே? அக்காவிடம் இதை நேற்று இரவு சாப்பாட்டு நேரத்தில் எடுத்துச் சொன்னேன், காலையில் எழுந்தும் சொன்னேன். அவள்தான் பையை அடுக்க ஆரம்பித்துவிட்டாளே.

என்ன அம்மா? என்ன, என் பையா? பையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறதா? அப்போதிருந்து அதைத்தான் சொல்ல வருகிறீர்களா? ஒழுகட்டும், பாட்டில் மூடி சரியாக இறுகியிருக்காது. விருதுநகர் வருவதற்குள் இதை முடித்துவிடுகிறேன், இன்னும் ஒரே ஒரு விஷயம்தான். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், உண்மையில் அநியாயம் யாருக்கு நடந்தது என்று. யாருக்காக நான் ராப்பகலாக மன்றாடினேனோ, அந்தப் பிள்ளையே சபை நடுவில் என்னை என்ன சொன்னாள் என்று கேளுங்கள்.

சுடலைமுத்து ஐயா எழுந்து வந்தார். அரங்கமே சிரித்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தா மிஸ் மட்டும் சிரிக்காமல், முதல் முறையாக, தொட்டிக்குக் கிட்டே வந்து குனிந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சஷ்டிகாவின் உயரத்துக்கு இறங்கி, "பாப்பா, இவங்க பேசுறதெல்லாம் இருக்கட்டும். நீ சொல்லு. கல்லு மிதக்குமா, முங்குமா?" என்று கேட்டார்.

அவள் உரையை நினைவுபடுத்திப் பார்க்கக்கூட இல்லை. வெள்ளைக் கோட்டின் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, தொட்டிக்குள் கையை விட்டுக் கல்லை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"காஞ்ச கல்லு மிதக்கும் தாத்தா. ரொம்ப நாளு ஊறிச்சுன்னா முங்கிரும். வெயில்ல வெச்சா மறுபடியும் மிதக்கும், நான் வெச்சுப் பாத்தேன். இத சித்தி குக்கர்ல போட்டு அவிச்சுட்டாங்க. அவிக்காதீங்கன்னு சொல்லத்தான் போனேன்… சித்தி பேசிக்கிட்டே இருந்தாங்க."